முதலில் குவாட்டர்பேக்கா, தடுப்பு வரிசையா?

நீங்கள் கேட்டது இதுதான்: வேலைக்காக நியூ ஜெர்சிக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது, அலுவலகத்தில் சுற்றியிருப்பவர்கள் எல்லாம் ஜெட்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணியின் ரசிகர்கள், ஜனவரியில் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளே "நல்ல குவாட்டர்பேக் வேண்டும், நல்ல தடுப்பாளர்கள் வேண்டும்" என்று ஆரம்பித்தால் செப்டம்பர் வரை அதே பேச்சுதான், இவ்வளவு பணம் புழங்குகிற ஆட்டத்தில் ரெண்டையும் ஒரே கோடையில் வாங்கிவிட்டால் என்ன, முடியாதென்றால் எதை முதலில் வாங்க வேண்டும்? கேள்வி வாங்குவதைப் பற்றியதாக இருந்தாலும், உள்ளே இருக்கிற கேள்வி வேறு என்று நினைக்கிறேன். 2010 சீசனுக்குப் பிறகு பிளேஆஃப் என்ற இறுதிச்சுற்றுகள் பக்கமே போகாத ஒரு அணி ஏன் இத்தனை வருஷமாக இதே ரெண்டு பொருளைத் தேடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் உங்களுக்குப் புரியாமல் இருக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தடுப்பு வரிசைதான் முதலில். குவாட்டர்பேக் என்பவர் பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், வரிசை என்பது அவரை எதிரணியிடமிருந்து காக்கிற ஐந்து பேர். நல்ல குவாட்டர்பேக் உங்களுக்குத் தேவைப்படுகிற வருஷத்தில் கிடைப்பார் என்று சொல்ல முடியாது, அவர் வந்து சேர்வதில் பாதி அதிர்ஷ்டம். வரிசையோ உட்கார்ந்து கட்டினால் கட்டக்கூடியது, ஆனால் ஒரு கோடையில் கட்ட முடியாது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிழைப்புக்கு மென்பொருள் வேலை. என் மகன் ஒன்பதாம் வகுப்பில் பள்ளி அணியில் சேர்ந்து லெஃப்ட் கார்டாக நின்றபோது, ஆட்டங்களை வீடியோ எடுத்துத்தர ஆள் வேண்டும் என்று கேட்டார்கள், போனேன். அவன் படித்து முடித்துப் போய்விட்டான், நான் அங்கேயே இருந்துவிட்டேன். 12 வருஷமாக லைன் கோச்சுக்கு உதவியாள். வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம், சனிக்கிழமை காலையில் அந்த வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி, ஐந்து பேருடைய கால்களையும் கைகளையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற வேலை. தொழில்முறை அணி எதன் அறைக்குள்ளும் நான் உட்கார்ந்ததில்லை, அவர்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் எல்லோரும் பார்த்த ஆட்டங்களிலிருந்தும் பதிவாகியிருக்கும் கணக்குகளிலிருந்தும்தான். வரிசை என்ற ஒன்று எப்படி உருவாகிறது என்பது மட்டும் நான் கண்ணெதிரே பார்த்துத் தெரிந்துகொண்டது.

நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே டேக்கிள், இவ்வளவுதான் அந்த ஐந்து பேர். குவாட்டர்பேக்குக்கு இவர்கள் வாங்கித் தருவது இரண்டரை, மூன்று விநாடி. எதிரே நிற்பவனைத் தள்ளிப் பிடிப்பதுதானே, பலம் இருந்தால் போதாதா என்று நானும் முதல் வருஷம் நினைத்தேன். எதிரணி நேராக வந்தால் சரி, போதும். ஆனால் அவர்கள் மாறிக்கொண்டு வருவார்கள்: வெளியே நின்றவன் கார்டின் மேல் பாய்வான், உள்ளே நின்றவன் அவன் முதுகுக்குப் பின்னால் சுற்றி வெளியே வருவான். ட்விஸ்ட் என்போம். இப்போது டேக்கிள் தன் ஆளைத் துரத்திக்கொண்டு உள்ளே போனால் அவரும் கார்டும் மோதிக்கொள்வார்கள், சுற்றி வந்தவன் காலியான வழியில் நேராகக் குவாட்டர்பேக்கின் முதுகுக்குப் போய்விடுவான். டேக்கிள் தன் ஆளை ஒரு கையால் கார்டிடம் ஒப்படைத்துவிட்டு, அதே இடத்தில் நின்று புதியவனுக்காகக் காத்திருக்க வேண்டும். பள்ளிப் பையன்கள் ஆகஸ்டில் இதைக் கத்திக் கத்திச் செய்வார்கள், கத்தி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அக்டோபர் கடைசி வீடியோவில் அதே இருவரைப் பார்த்தால் சத்தமே இருக்காது. கார்டின் முழங்கை தன் இடுப்பில் உரசினாலே டேக்கிளுக்குத் தெரிந்துவிடும், கண்ணை எதிரிலிருந்து எடுக்கவே மாட்டான். அந்த ரெண்டு மாதத்தில் இருவருக்கும் பலம் கூடிவிடவில்லை, பக்கத்தில் நிற்பவன் என்ன செய்வான் என்று ஒருவருக்கொருவர் பழகியிருக்கிறது.

இதை எனக்கு முழுசாகப் புரியவைத்தது ஒரு சென்டரின் கணுக்கால். ஒரு வருஷம் எங்கள் சென்டருக்கு அது சுளுக்கிக்கொண்டது, பதிலுக்கு வந்த பையன் அவனைவிட உயரம், அவனைவிட பலசாலி. அந்த வாரம் எங்கள் குவாட்டர்பேக் விழுந்த மாதிரி அந்த சீசன் முழுக்க விழவில்லை. வீடியோவில் பார்த்தால் புதுப் பையன் தன் ஆளிடம் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. பந்தைக் கொடுப்பதற்கு முன்னால் யார் யாரைப் பிடிப்பது என்று சென்டர்தான் வரிசைக்கே அறிவிக்க வேண்டும், அந்த அறிவிப்பு அரை விநாடி தாமதமாக வந்தது, மற்ற நாலு பேரும் அந்த அரை விநாடிக்குள் ஆளுக்கொரு முடிவு எடுத்திருந்தார்கள். கபடியில் கைகோத்து வளைத்து நிற்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு கை நழுவினால் மற்றவர்களின் பலம் கணக்கிலேயே வராது.

சரி, இனி சந்தைக்கு வருவோம். ஒவ்வொரு அணியும் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு லீக் உச்சவரம்பு போட்டிருக்கிறது, 2025க்கு அது 27.92 கோடி டாலர், அதற்குள் 53 பேரை வைத்துக்கொள்ள வேண்டும். நிலைபெற்ற ஒரு குவாட்டர்பேக்கின் விலை எங்கே போயிருக்கிறது என்றால், 2024இல் டல்லாஸ் அணி டாக் பிரெஸ்காட்டுக்கு வருஷத்துக்குச் சராசரி 6 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. அந்தப் பணத்தைக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் வாங்குவதற்கு ஆள் இருக்க மாட்டார், காரணம் நல்ல குவாட்டர்பேக்கை யாரும் வெளியே விடுவதில்லை. வெளியே வந்தவர்களைப் பாருங்கள்: 2006இல் ட்ரூ ப்ரீஸ் வந்தார், எறிகிற தோளில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. 2012இல் பெய்டன் மேனிங் வந்தார், கழுத்து அறுவை சிகிச்சையால் முந்தைய சீசன் முழுக்க ஆடியிருக்கவில்லை. 2020இல் டாம் பிரேடி வந்தார், வயது 42. மூவரும் புது அணியில் கோப்பை வென்றார்கள் என்பது உண்மைதான், ஆனால் மூவருமே ஏதோ ஒரு சந்தேகத்தால்தான் கைக்குக் கிடைத்தார்கள் என்பதும் உண்மை. மற்ற வழி டிராஃப்ட், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வருஷா வருஷம் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பது. 2010இல் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருஷத்துக்கு 7.8 கோடி டாலர். 2011இல் புதுமுகங்களின் சம்பளத்துக்கு வரம்பு வந்ததும் அதே முதல் இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்குச் சுமார் 2.2 கோடிதான். அன்றிலிருந்து டிராஃப்ட்டில் கிடைக்கும் இளம் குவாட்டர்பேக் என்றால் எல்லா அணிகளுக்கும் ஆசை. அவர் தேறிவிட்டால் நாலு வருஷம் மலிவாக ஆடுவார், மிச்சமாகும் பணத்தில் மற்றதையெல்லாம் வாங்கலாம்.

தடுப்பாளர் சந்தை வேறு மாதிரி. நல்ல லெஃப்ட் டேக்கிள் சந்தைக்கு வருவது அபூர்வம், ஆனால் கார்டுகளும் சென்டர்களும் 26, 28 வயதில், உடம்பு நன்றாக இருக்கும்போதே வருகிறார்கள். அவர்களைத் தக்கவைக்க அணிகள் அவ்வளவு போராடுவதில்லை. ஆகவே பெரும்பாலான வருஷங்களில், ஒப்பந்தம் முடிந்தவர்களை வாங்குகிற மார்ச் மாதச் சந்தை உங்களுக்குத் தரக்கூடியது வரிசையின் நடுப்பகுதியைத்தான், குவாட்டர்பேக்கை இல்லை. கையில் பணம் இருக்கிற அணி அங்கே கிடைப்பதை வாங்காமல், கிடைக்காததற்காகக் காத்திருப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தவறு.

இதற்கு உதாரணம் தேடி வேறு ஊருக்குப் போக வேண்டாம், ஜெட்ஸே ஒரு தடவை இதைச் சரியாகச் செய்திருக்கிறது. 2006 டிராஃப்ட்டில் முதல் சுற்றிலேயே அவர்களிடம் ரெண்டு தேர்வு இருந்தது. நாலாவது இடத்தில் டிப்ரிக்கஷா ஃபெர்குசன் என்ற லெஃப்ட் டேக்கிள், 29ஆவது இடத்தில் நிக் மேங்கோல்ட் என்ற சென்டர். பத்து வருஷம், 160 ஆட்டம், ஃபெர்குசன் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அத்தனை வருஷத்தில் அணியின் தாக்குதலில் அவர் களத்தில் இல்லாதது ஒரே ஒரு ப்ளே, அதாவது பந்தைக் கொடுத்ததிலிருந்து ஆட்டம் நிற்கும் வரையான ஒரு துண்டு. மேங்கோல்ட் 2025 அக்டோபரில் 41 வயதிலேயே காலமானார், செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை, எங்கள் பள்ளிச் சென்டர்களுக்கு நான் போட்டுக்காட்டுகிற வீடியோவில் பாதி அவருடையது. இந்த இருவருக்கும் நடுவில் 2008இல் ஆலன் ஃபனேகா என்ற கார்டையும், வலது ஓரத்துக்கு டேமியன் உடியையும் சந்தையில் வாங்கினார்கள். ரைட் கார்டு பிராண்டன் மூர் டிராஃப்ட்டில் யாருமே எடுக்காமல் விட்டவர். ரெண்டு பேர் வளர்த்தது, ரெண்டு பேர் வாங்கியது, ஒருவர் தேடிக் கண்டுபிடித்தது, அதற்கே மூன்று கோடை ஆகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 2009இல்தான் மார்க் சான்செஸ் என்ற புதுமுகக் குவாட்டர்பேக் வந்தார். அந்த சீசனில் அவர் எறிந்த டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுப்பது) 12, எதிரணிக்குக் கொடுத்த பந்து 20. இப்படி ஒரு கணக்கோடு ஒரு புதுமுகம் அரையிறுதி வரை போனார், அடுத்த வருஷமும் போனார். 2009இல் லீக்கிலேயே பந்தை ஏந்தி அதிக தூரம் ஓடிய அணி ஜெட்ஸ்தான், அந்த ஓட்டத்தின் மறைவில்தான் சான்செஸ் கற்றுக்கொண்டார்.

இங்கே ஒரு நேர்மையான திருத்தம் சொல்லியாக வேண்டும். அந்த ஜெட்ஸின் டிஃபென்ஸ், அதாவது எதிரணி பந்தை வைத்திருக்கும்போது களத்தில் நிற்கிற ஆட்கள், 2009இல் லீக்கிலேயே முதல் இடத்தில் இருந்தது. ஆகவே எல்லாப் பெருமையையும் வரிசைக்கே கொடுத்துவிட முடியாது. ரெண்டு தடவையும் அரையிறுதியோடு நின்றதும் உண்மை, முதலில் இண்டியானாபோலிஸிடம், பிறகு பிட்ஸ்பர்கிடம். அதைத் தாண்டுவதற்கு நல்ல குவாட்டர்பேக் வேண்டியிருந்தது என்றே நானும் நினைக்கிறேன். வரிசை ஒரு சுமாரான ஆளை அவர் தகுதிக்கு மேல் கொண்டுபோகும், எவ்வளவு தூரம் என்பதற்கு எல்லை உண்டு.

உங்கள் அலுவலக நண்பர்கள் பெருமையாகச் சொல்கிற 1969 ஜனவரி கோப்பையை எடுத்துக்கொண்டாலும் இதுதான் கதை. ஜெட்ஸ் குவாட்டர்பேக் ஜோ நேமத் ஜெயிப்போம் என்று முன்கூட்டியே உறுதி சொன்னார், சொன்னபடி பால்டிமோரை 16-7 என்று ஜெயித்தார்கள், ஆட்ட நாயகனும் அவர்தான். ஆனால் அந்த ஆட்டத்தில் அவர் எறிந்த டச்டவுன் ஒன்றுமில்லை, நாலாவது கால்பகுதியில் ஒரு தடவைகூட பந்து எறியவில்லை. மாட் ஸ்னெல் 30 தடவை பந்தை வாங்கி 121 யார்டு ஓடினார், பெரும்பாலும் இடதுபக்கமாக, வின்ஸ்டன் ஹில் என்ற லெஃப்ட் டேக்கிளின் முதுகைப் பிடித்துக்கொண்டு. ஹில்லுக்குப் புகழ் மண்டபத்தில் இடம் கிடைக்க 2020 ஆனது. அந்த ஆட்டத்தின் வீடியோ கிடைத்தால் இடது ஓரத்தை மட்டும் பாருங்கள்.

அப்புறம் 2023. நீங்கள் வருவதற்கு முன்னோ பின்னோ தெரியவில்லை, ஆனால் அலுவலகத்தில் அந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். ஆரன் ராட்ஜர்ஸ் என்ற குவாட்டர்பேக்கை 39 வயதில் கிரீன் பே அணியிடமிருந்து வாங்கினார்கள். அந்தப் பேரத்தில் ஒரு சின்னப் பகுதி: முதல் சுற்றில் ஜெட்ஸ் தன் 13ஆவது இடத்தைக் கொடுத்துவிட்டு 15ஆவது இடத்தை வாங்கிக்கொண்டது. ரெண்டு இடம்தானே என்று யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. டிராஃப்ட் அன்று பிட்ஸ்பர்க் அணி பேரம்பேசி 14ஆவது இடத்துக்கு ஏறி வந்து ப்ராடரிக் ஜோன்ஸ் என்ற டேக்கிளை எடுத்துக்கொண்டது. ஜெட்ஸ் குறிவைத்திருந்தது அவரைத்தான் என்று அன்று பரவலாகப் பேசப்பட்டது, நான் அதை உறுதியான செய்தியாகச் சொல்லமாட்டேன். உறுதியானது இது: 15ஆவது இடத்தில் ஜெட்ஸ் எடுத்தது தடுப்பாளரை இல்லை, செப்டம்பர் 11 அன்று பஃபலோவுக்கு எதிராக ராட்ஜர்ஸ் களமிறங்கியபோது அவருடைய இடதுபுறம் நின்றவர் 38 வயது டுவேன் பிரவுன். நாலாவது ப்ளேயில் பிரவுன் எதிராளியின் காலடியில் விழுந்து தடுக்கப் பார்த்தார், பஃபலோவின் லெனர்ட் ஃபிளாய்ட் தப்பி வந்து ராட்ஜர்ஸைப் பிடித்தார், ராட்ஜர்ஸின் குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. அந்தக் காயத்துக்கு வரிசைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அந்த வயதில் அந்தத் தசைநார் எதிலும் போகலாம். ஆனால் ஒரு வருஷத் திட்டம் முழுவதையும் 39 வயதுக் குவாட்டர்பேக் மேலும் 38 வயது டேக்கிள் மேலும் ஏற்றிவைத்திருந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த கோடையில் பாடம் படித்தது போலத்தான் தெரிந்தது. டைரன் ஸ்மித், மோர்கன் மோசஸ் என்று ரெண்டு ஓரத்துக்கும் பெயர்பெற்ற டேக்கிள்களைக் கொண்டுவந்தார்கள், ரெண்டு பேருக்கும் வயது 33. ஸ்மித் பத்து ஆட்டத்தோடு கழுத்துவலியில் நின்றுவிட்டார், அணி 5 வெற்றி 12 தோல்வியில் முடிந்தது. வயதான தடுப்பாளர்களை வாங்கும்போது கிடைப்பது ஒரு வருஷத்துக்கான வாடகை வீடு. அதே 2024 டிராஃப்ட்டில் 11ஆவது இடத்தில் ஓலு ஃபஷானுவையும், 2025இல் ஏழாவது இடத்தில் அர்மாண்ட் மெம்பூவையும் எடுத்தார்கள் பாருங்கள், அது சொந்த வீடு கட்டுகிற வேலை. ரெண்டு ஓரத்துக்கும் ரெண்டு இளம் டேக்கிள்கள். எத்தனை தோல்வி வந்தாலும் இந்த ரெண்டு தேர்வையும் நான் குறை சொல்லமாட்டேன்.

பிறகு ஏன் 2025இலும் அப்படி அடி வாங்கினார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் பெரும்பாலான ரசிகர்கள் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள் கீழே தள்ளப்படுவதைச் சாக் என்கிறோம், சாக் விழுந்தால் உடனே வரிசையைத் திட்டுகிறோம். என் அனுபவத்தில் அதில் கணிசமான பங்கு குவாட்டர்பேக்குடையது. மூன்று விநாடிக்குள் எறிந்துவிட்டால் சுமாரான வரிசையே போதும், நாலு விநாடி பந்தை வைத்துக்கொண்டு நின்றால் எந்த வரிசையும் போதாது. 2009இல் பெய்டன் மேனிங் சீசன் முழுக்கப் பத்தே தடவைதான் சாக் ஆனார், அது வரிசையின் திறமை மட்டுமில்லை, அவர் பந்தை விட்ட வேகம். மறுபக்கம் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், 2022இல் சிகாகோவில் 55 தடவை சாக் ஆனவர், ஓடுவதில் அபாரம், ஆனால் பந்தை வைத்துக்கொண்டு காத்திருப்பவர். அவரைத்தான் 2025இல் ஜெட்ஸ் ரெண்டு வருஷத்துக்கு 4 கோடி டாலர் என்று எடுத்தது. அக்டோபரில் லண்டனில் டென்வருக்கு எதிரான ஆட்டத்தில் ஒன்பது சாக், எறிந்ததில் கிடைத்ததையும் சாக்கில் இழந்ததையும் கூட்டிக் கழித்தால் மைனஸ் 10 யார்டு. நான் அந்த ஆட்டத்தை ரெண்டு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சிலவற்றில் தடுப்பாளர் தெளிவாகத் தோற்றார். சிலவற்றில் எறிவதற்கு ஆள் காலியாக நின்றும் பந்து கையை விட்டுப் போகவில்லை. எந்த ப்ளேயில் யாரிடம் என்ன வேலை சொல்லியிருந்தார்கள் என்பது அந்த அணிக்குத்தான் தெரியும், ஆகவே இத்தனைக்கு இத்தனை என்று பிரித்துச் சொல்வதை நான் நம்புவதில்லை.

வரிசையை ஒரே கோடையில் மாற்றிய அணிகளும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. 2021 பிப்ரவரி இறுதி ஆட்டத்தில் கான்சஸ் சிட்டிக்கு ரெண்டு டேக்கிள்களும் காயத்தில் இல்லை, அவர்களுடைய குவாட்டர்பேக் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்க உயிருக்கு ஓடினார், 31-9 என்று தம்பாவிடம் தோற்றார்கள், ஒரு டச்டவுன்கூட இல்லை. அடுத்த மாதமே பழைய டேக்கிள்கள் ரெண்டு பேரையும் விடுவித்தார்கள். ஜோ தூனி என்ற கார்டுக்கு ஐந்து வருஷத்துக்கு 8 கோடி டாலர், பால்டிமோரிடமிருந்து பேரத்தில் ஒர்லாண்டோ பிரவுன், டிராஃப்ட்டில் 63ஆவது இடத்தில் கிரீட் ஹம்ஃப்ரி என்ற சென்டர், 226ஆவது இடத்தில் ட்ரே ஸ்மித் என்ற கார்டு. ஸ்மித்துக்குக் கல்லூரியில் நுரையீரலில் ரத்தக்கட்டி வந்திருந்ததால் எல்லோரும் பயந்து ஒதுங்கியதில் அவ்வளவு கீழே கிடைத்தார். ரெண்டு வருஷம் கழித்து இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற ஃபிலடெல்ஃபியா அந்த சீசனில் 70 சாக் எடுத்திருந்த அணி, அன்று ஒன்றுகூட எடுக்க முடியவில்லை. சிகாகோவும் இதே மாதிரிதான்: குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் முதல் வருஷம் 68 தடவை சாக் ஆன பிறகு, 2025 கோடையில் சென்டரையும் ரெண்டு கார்டுகளையும் மொத்தமாக மாற்றினார்கள், அதில் ஒருவர் அதே தூனி, புதுத் தலைமைக் கோச் பென் ஜான்சன், ஐந்து வெற்றி பதினொன்றானது. ஆனால் இந்த ரெண்டு அணியிலும் குவாட்டர்பேக் ஏற்கெனவே இருந்தார், அவருடைய அளவுக்கு வரிசையைத் தைத்தார்கள்.

குவாட்டர்பேக் முதலில், வரிசை அப்புறம் என்று போனால் என்ன ஆகும் என்பதற்கு 2002 ஹூஸ்டன்தான் என் நினைவில் முதலில் வருகிறது. புதிதாகத் தொடங்கிய அணி, டிராஃப்ட்டில் முதல் ஆளாக டேவிட் கார். அவரைக் காக்க வேண்டும் என்று தெரிந்துதான் மற்ற அணிகளிலிருந்து ஆட்களை எடுக்க அனுமதித்தபோது டோனி பொசெல்லி என்ற தலைசிறந்த லெஃப்ட் டேக்கிளை முதலாவதாக எடுத்தார்கள். தோள்காயத்தால் பொசெல்லி அவர்களுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கார் அந்த வருஷம் 76 தடவை விழுந்தார், இன்றுவரை அதுதான் சாதனை, ஐந்து வருஷத்தில் 249 தடவை. அவர் நல்ல வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தால் எப்படி ஆடியிருப்பார் என்பது யாருக்கும் தெரியாது, அதுதான் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

எந்தக் கல்லூரிக் குவாட்டர்பேக் தேறுவார் என்பது இந்த ஆட்டத்திலேயே மிகவும் சந்தேகமான விஷயம். ஜெட்ஸ் 2018இல் மூன்றாவது இடத்தில் எடுத்த சாம் டார்னல்டை 2021இல் அனுப்பிவிட்டு, ரெண்டாவது இடத்தில் ஸாக் வில்சனை எடுத்தது. வில்சன் நிலைக்கவில்லை, டார்னல்ட் 2024இல் மினசோட்டாவில் 14 ஆட்டம் ஜெயித்தார். தடுப்பாளர்களிலும் இந்தச் சந்தேகம் உண்டு, கொஞ்சம் குறைவு. 2020இல் 11ஆவது இடத்தில் ஜெட்ஸ் எடுத்த மெக்கை பெக்டன் என்ற பிரம்மாண்டமான டேக்கிள் முழங்கால் காயத்தில் ரெண்டு வருஷத்தை இழந்தார். அவரே பிறகு ஃபிலடெல்ஃபியாவில் ரைட் கார்டாக மாறி, 2025 பிப்ரவரியில் கோப்பை வென்ற அணியில் நின்றார். அங்கே லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லேண்ட், 2013இலிருந்து அதே இடத்தில் இருந்தவர். இதைத்தான் நான் ரசிகர்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஆட்களை வாங்குவதைவிட மலிவானது ஒரு நல்ல லைன் கோச்சை வைத்துக்கொள்வது. இப்போதெல்லாம் கல்லூரியிலிருந்து வருகிற தடுப்பாளர்கள் பலர் தரையில் கைவைத்து நிற்கவே அதிகம் பழகாதவர்கள், சீசன் நடக்கும்போது முழுக் கவசம் போட்டுப் பயிற்சி செய்ய விதி அனுமதிப்பதோ 14 நாள்தான், ஜூலை முகாம் தொடங்கும் வரை மோதிப் பழகவே கூடாது. கற்றுக்கொடுக்கிற நேரம் இவ்வளவு சுருங்கிய பிறகு, வருஷா வருஷம் கோச்சை மாற்றினால் பையன்கள் எதைப் பழகுவார்கள்?

ஆகவே, என்னைக் கேட்டால், குவாட்டர்பேக் இல்லாத ஒரு அணி அந்த வருஷம் இளைய கார்டு ஒருவரையோ சென்டர் ஒருவரையோ நல்ல விலை கொடுத்து வாங்க வேண்டும், ஏற்கெனவே இருக்கிற இளம் டேக்கிள்களை இடம்மாற்றாமல் அதே ஓரத்தில், அதே கார்டின் பக்கத்தில் நிறுத்த வேண்டும், குவாட்டர்பேக் இடத்துக்கு ஒன்றிரண்டு வருஷ ஒப்பந்தத்தில், பந்தைச் சீக்கிரம் விடக்கூடிய மூத்த ஆள் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும். டிராஃப்ட்டில் நிஜமாகவே பிடித்த குவாட்டர்பேக் தன் இடத்துக்கு வந்தால் எடுக்கலாம், கண்டிப்பாக எடுக்க வேண்டும். பிடித்தவர் இல்லாதபோது பயத்தில் மூன்று முதல்சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து மேலே ஏறக்கூடாது, அந்த மூன்றில் ரெண்டு அடுத்த ஃபெர்குசனும் மேங்கோல்டுமாக இருந்திருக்கலாம்.

கடைசியாக, உங்களுக்கு இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் ஆகஸ்ட் பயிற்சி ஆட்டங்களிலேயே ஆரம்பியுங்கள். தடுப்பாளர்களின் சட்டை எண் 50இலிருந்து 79க்குள் இருக்கும். பந்து எங்கே போகிறது என்பதை விட்டுவிட்டு லெஃப்ட் டேக்கிளையும் லெஃப்ட் கார்டையும் மட்டும் பத்து ப்ளே பாருங்கள். எதிரணி ஆட்கள் குறுக்கே மாறி வரும்போது இந்த இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்கிறார்களா, ஒரே ஆளின் மேல் ரெண்டு பேரும் போய் விழுகிறார்களா, இல்லை ஒருவர் ஒப்படைக்க இன்னொருவர் வாங்கிக்கொண்டு நிற்கிறாரா? நவம்பரில் அதே இருவரை இன்னொரு பத்து ப்ளே பார்த்துவிட்டு, என்ன மாறியிருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், நானும் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.